ரூகர் நம்பர் 1: டாங்குக்குப் பின்னால் விரிசல்

கேள்வி:
ரூகர் நம்பர் 1 போன்ற ஒற்றைத் தோட்டா வேட்டை ரைஃபிள்களில் வால்நட் மரத்தாலான பின்கட்டையும் (தோளில் ஊன்றுவது) முன்கட்டையும் (குழலுக்குக் கீழே இருப்பது) தனித்தனியாக இருப்பதால், .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவின் பின்னுதைப்பை அவை நெடுங்காலம் தாங்குமா? என் ரைஃபிளில் டாங் எனப்படும் உலோக வாலுக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது.

பதில் 1:
நண்பரே, மரத்தின் தடிமனைவிட அது உலோகத்தோடு பொருந்தும் விதமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. பின்னுதைப்பு ரிசீவரின் (குழல் பொருந்தியிருக்கும் உலோக உடல்) அகன்ற பின்முகத்தில் பரவாமல் டாங்கின் நுனியில் மட்டும் விழுந்தால், அந்நுனி உளியைப் போல மரத்தை ரேகை வழியே பிளந்துவிடும். ஆகவே நுனிக்குப் பின்னால் தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு, பின்முகம் அமரும் இடத்தில் எபாக்சி என்னும் இறுகும் பிசினைப் பூசிப் பொருத்துவது வழக்கம். கைப்பிடிப் பகுதியில் ரேகை குறுக்கே இறங்கினால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் கட்டையை நான் நம்பமாட்டேன்.

பதில் 2:
பின்கட்டையின் ஊடாகச் செல்லும் நீண்ட போல்ட்டையும் சோதியுங்கள். மரம் வற்றும்போது அது தளர்ந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் கட்டை உலோகத்தில் மோதும். பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளிலும் இதே போல்ட் முறைதான். துப்பாக்கி எண்ணெய் ஊறினால் மரம் மென்மையாகிவிடும் என்பதால், துடைத்தபின் குழல் வாய் கீழ்நோக்கியிருக்குமாறு வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. கட்டையைக் கழற்றிப் பார்க்கும்வரை சுடப்போவதில்லை.