‘மறைபடிமம்’ சரிதானா?

> ஒளிபட்டும் இன்னும் கழுவாத ஃபிலிமில் பதிந்திருப்பதை (latent image) ‘மறைபடிமம்’ எனலாம்.

ஐயா, சொல் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஃபிலிமிலேயே படமெடுக்கும் எனக்கு ஓர் உறுத்தல். மறைந்திருப்பது என்றால் முழுதாக இருந்துகொண்டு கண்ணில் படாமல் இருப்பது. இங்கே முழுதாக எதுவுமே இல்லை. ஃபிலிமில் ஒளியை உணரும் வெள்ளி ஹாலைடு படிகத்தின் ஒரு மூலையில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். டெவலப்பரில், அதாவது கழுவும் ரசாயனத்தில், இறங்கிய பிறகே அந்தப் புள்ளியைப் பற்றிக்கொண்டு படிகம் முழுவதும் வெள்ளியாகிக் கறுக்கிறது.

ஒருமுறை 16 மி.மீ. நூறடிச் சுருள் ஒன்றின் டப்பாவில் குறிப்பெழுத மறந்துவிட்டேன். இருட்டுப் பைக்குள் விரலால் தடவினால் புதிதும் எடுத்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பாழ். புதிதென்று நம்பி மறுபடி ஏற்றினேன். கழுவி வந்ததில் ஒரு முதியவரின் நெற்றிக்குள் பறவைக் கூட்டம் பறந்தது. மூன்று நிமிடம்கூட ஓடாத சுருள்தான், இருந்தாலும் வயிறு எரிந்தது.

ஆகவே ‘வித்துரு’ என்று முன்வைக்கிறேன். விதை நீருக்குக் காத்திருக்கும்; நாள்பட்டால் வீரியம் குறையும். கழுவாத ஃபிலிமும் மெல்ல மங்கும். ஆனால் சில விதைகள் கெட்டி: 1897இல் ஸ்வீடன்காரர் ஆந்த்ரேயின் ஆர்க்டிக் பலூன் பயணத்தில் எடுத்த சுருள்கள் 1930இல் வெள்ளைத் தீவில் கிடைத்தன. கழுவியபோது படங்கள் தேறின!

> ‘வித்துரு’ அழகுதான். ஆனால் விளக்கவுரை கூடவே வரவேண்டும். இதே ‘latent’ வரும் latent heat தமிழகப் பாடநூலில் ‘உள்ளுறை வெப்பம்’, இலங்கையில் ‘மறைவெப்பம்’. பழகிய அடைமொழி இருக்க, புதிது எதற்கு? உங்களுக்கு ‘மறை’ பிடிக்காவிட்டால் ‘உள்ளுறை உரு’ எனலாமே. தொல்காப்பியர் ‘உள்ளுறை’ என்பதும் வெளிப்படச் சொல்லாத பொருளைத்தான்.

தொல்காப்பியரை இழுத்துவிட்டீர்கள், இனி நான் என்ன பேசுவது! யோசித்தால், உள்ளுறையில் கேட்பவர் தம் பங்குக்கு உழைத்தால்தான் பொருள் துலங்கும். டெவலப்பரின் வேலையும் அதுவே. ‘வித்துரு’வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘உள்ளுறை உரு’ என்று பிரித்தே எழுதுவோம். சேர்த்தால் ‘உள்ளுறையுரு மங்கல்’ என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அடுத்து ‘கழுவுதல்’ என்பதை ‘உருத்துலக்கல்’ ஆக்க வேண்டும் என்று யாரோ கிளம்புவார்கள். இருட்டறையில் கை நனைத்தவர் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.