மழை எங்கே இருக்கிறது, தம்பி?

ஹட்டனிலிருந்து:

தோட்டமொன்றில் லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை அறைகளில், வாழும் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டும் வேலைத்தளத்தில் கால அட்டவணை தயாரிப்பது என் பொறுப்பு. மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் என்ற கணினி நிரலில் தயாரித்து, ஏ3 தாளில் அச்சிட்டு, கொட்டகைச் சுவரில் ஒட்டுவேன். நீலப் பட்டைகள், கறுப்புச் சாய்சதுரங்கள், எல்லாம் ஆங்கில எழுத்து. யாரும் நின்று பார்த்ததில்லை. ஒருநாள் மேசன் பாஸ் (கொத்தனார்) கேட்டார்: "தம்பி, இதில் மழை எங்கே இருக்கிறது?"

எங்கேயும் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில் அடிக்கும். அத்திவாரக் குழி திறந்து கிடக்கும்போது பெய்தால் ஓரம் இடிந்துவிடும், மறுபடி மண் அள்ள வேண்டும். அவருக்கு முதலில் தெரிய வேண்டியதே என் தாளில் இல்லை.

அன்றிரவு கான்ட் படத்தின், அதாவது வேலைகளைக் காலவரிசையில் பட்டைகளாகக் காட்டும் அந்த அட்டவணையின், வரைகருவிகளைத் திறந்தேன். கோடு, அம்பு, செவ்வகம், நீள்வட்டம், வில், பலகோணம், எழுத்துப்பெட்டி ஆகியவைதான் இருந்தன. பலகோணத்தால் ஒரு குடை வரைந்து மழை மாதங்களின் மேல் வைத்தேன். தீபாவளி வாரத்தில் தளத்துக்கு ஆள் வராது, அதற்கு ஒரு விளக்கு. கொங்கிறீட் போடுமுன் கம்பி பரிசோதிக்கும் நாளுக்கு நீள்வட்டத்தில் ஒரு கண். மறுநாள் காலையில் பாஸ் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து, இளையவர்களுக்கும் விளக்கினார். அந்த மகிழ்ச்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு பாதையில் மண் சரிந்து சீமெந்து லொறி பத்து நாள் வரவில்லை. திகதிகளை மாற்றினேன், பட்டைகள் வலப்பக்கம் நகர்ந்தன. கண் மட்டும் பழைய திகதியிலேயே நின்றுவிட்டது. அதை நம்பித் தொழில்நுட்ப அலுவலர் மலையேறி வந்தார், கம்பியே கட்டியிருக்கவில்லை. தவறு என்னுடையது. வரைந்த வடிவத்தின் பண்புகளில் அளவு, இடம் என்ற பகுதிக்குப் போனால் இரண்டு வழிகள் உண்டு: திகதியோடு இணைக்கலாம், அல்லது வேலையின் எண்ணைக் கொடுத்து அதன் தொடக்கத்தோடோ முடிவோடோ இணைக்கலாம். நான் எல்லாவற்றையும் திகதியோடு விட்டிருந்தேன். குடைக்கும் விளக்குக்கும் அது சரி. நம் லொறி தாமதமானால் பருவமழையும் தாமதமாகுமா? கண்ணோ வேலைக்குச் சொந்தமானது, வேலை நகர்ந்தால் அதுவும் நகர வேண்டும்.

ஹப்புத்தளையிலிருந்து:

அண்ணா, நாற்பது வீடு என்றால் நாற்பது கண் வரைய வேண்டியிருக்குமே! நான் பரிசோதனை வேலைகளுக்கெல்லாம் ஃபிளாக்1 என்ற ஆம்/இல்லை புலத்தில் ஆம் என்று குறித்துவிட்டு, எந்த வேலைக்கு எந்த வடிவம் என்று தீர்மானிக்கும் பட்டைப் பாணிகளில் அதற்கென ஒரு வரி சேர்த்து நட்சத்திர வடிவம் கொடுத்திருக்கிறேன். அந்த வரி பட்டியலின் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றப் பட்டை அதை மறைத்துவிடும். அங்கே நம் சொந்த வடிவத்தைச் சேர்க்க முடியாது, தந்திருப்பதில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆனால் அது வேலையோடு தானே நகரும், வடிவங்களின் பொருள் சொல்லும் குறிவிளக்கத்திலும் அச்சாகும். கையால் வரைந்தது அங்கே வராது.

எங்கள் பக்கம் குடை ஒக்டோபரிலிருந்துதான் விழும். அதைவிட மண்சரிவுதான் எங்களுக்குப் பயம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயன்களே புதைந்ததை நாங்கள் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என வரும். அதை முன்கூட்டி எந்தத் திகதியில் வரைவது, எந்த வேலையோடு இணைப்பது? தாளின் மேல் மூலையில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் அச்சிடுகிறேன். எச்சரிக்கை வந்ததும் நிறப் பென்சிலால் தீட்டுகிறோம். சிவப்பு தீட்டிய நாளில் கொட்டகையைப் பூட்டிவிட்டு எல்லோரும் இறங்கிவிடுகிறோம்.

ஹட்டனிலிருந்து:

நன்றி தங்கச்சி. நட்சத்திரத்தை நாளைக்கே போடுகிறேன். கட்டத்தைத் தீட்டும் பென்சில் பாஸிடம் இருக்கட்டும், மேகத்தை முதலில் பார்ப்பவர் அவர்தான்.