காஸ் பில் கூடியது விலையாலா, மீற்றர் கணக்காலா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
வணக்கம். லண்டனில் மூன்று அறை வீடு, கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமல் வீட்டையும் குழாய்த் தண்ணியையும் சூடாக்குவது). செப்ரெம்பரில் பழைய காஸ் மீற்றரைக் கழற்றி ஸ்மார்ட் மீற்றர் பூட்டினார்கள். ஜனவரியில் மீற்றரில் 100 யூனிற்தான் ஓடியது. பில்லில் 3,175 கிலோவாட் மணி என்று இருக்கிறது. ஒரு கிலோவாட் மணி 6 பென்ஸ், வரியோடு 200 பவுண்ஸ் தாண்டுகிறது. காஸ் விலைக்கு உச்சவரம்பு இருக்கும்போது இது எப்படி? பொயிலரில் ஏதும் குறைக்கலாமா?

கணக்கன்:
3,175ஐ 2.83ஆல் பிரியுங்கள். 1,122 வரும். பிழை அங்கேதான் இருக்கிறது.

பழைய மீற்றர்கள் நூறு கன அடியில் ஓடும். அதைக் கன மீற்றராக்க 2.83ஆல் பெருக்குவார்கள். புதியது நேரே கன மீற்றரில் ஓடுகிறது. மீற்றரை மாற்றியவர்கள் கணக்கில் அதன் வகையை மாற்றவில்லை. சரியான கணக்கு: 100 × 1.02264 × 39.5 ÷ 3.6 = 1,122. 1.02264 வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்குமான திருத்தம், 3.6ஆல் பிரித்தால் கிலோவாட் மணி வரும். அந்த 39.5 காஸின் வெப்ப அளவு. இடத்துக்கும் நாளுக்கும் சற்று மாறும், உங்கள் பில்லிலேயே அச்சிட்டிருக்கும். ஆக ஜனவரிக்கு வரியோடு ஏறக்குறைய 71 பவுண்ஸும் நாட்கட்டணமும்தான்.

மீற்றர் முகப்பையும் தொடர் இலக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்து, காஸ் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்புங்கள். செப்ரெம்பர் தொடக்கம் எல்லாப் பில்லையும் திருத்தச் சொல்லுங்கள். 8 கிழமையில் தீராவிட்டால் எனர்ஜி ஒம்புட்ஸ்மன் என்ற முறைப்பாட்டு நடுவரிடம் போகலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. தயவுசெய்து வங்கியிலிருந்து தானாகக் கழியும் டிரெக்ட் டெபிற்றைக் கோபத்தில் நிறுத்தாதீர்கள். கடன் பாக்கி என்று பதிந்துவிடுவார்கள்.

வன்னித்தம்பி:
உச்சவரம்பு பற்றிப் பலருக்கும் இதே குழப்பம். எரிசக்திக் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஒஃப்ஜெம் கட்டுப்படுத்துவது ஒரு கிலோவாட் மணியின் விலையையும் நாட்கட்டணத்தையும் மட்டுமே. செய்தியில் வரும் தொகை ஒரு சராசரி வீட்டின் ஆண்டுச் செலவு. கூடப் பாவித்தால் கூடத்தான் வரும். 2021 ஒக்ரோபரில் 1,277 பவுண்ஸாக இருந்த அந்தத் தொகை 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. 2022 ஒக்ரோபரில் 3,549க்குப் போகவிருந்ததை அரசு பணம் போட்டு 2,500இல் பிடித்தது. அப்போதும் 2,500க்கு மேல் பில் வராது என்று நம்பி ஹீற்றரை ஓடவிட்டவர்கள் இருந்தார்கள்.

பொயிலர்க்காரன்:
பில் திருந்தினாலும் இதைச் செய்யுங்கள் அண்ணா. பொயிலரில் ரேடியேற்றர் படமுள்ள குமிழ் பெரும்பாலும் 75, 80 பாகையில் நிற்கும். 60க்கு இறக்குங்கள். திரும்பி வரும் தண்ணி ஏறக்குறைய 54 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணியாகி, தன் சூட்டைப் பொயிலருக்கே கொடுக்கும். இல்லாவிட்டால் அந்தச் சூடு குழாயால் வெளியே போகிறது. வீடு மெதுவாகத்தான் சூடேறும், அரை மணி முன்னதாகப் போடுங்கள். கடும் குளிரில் போதாவிட்டால் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள்.

தண்ணிக் குழாய்க் குமிழ் 50 போதும். முன்சூடாக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். ஒருவரும் குழாய் திறக்காமலே அது காஸ் எரிக்கும்.

வாசிக்கும் மற்றவர்களுக்கு: சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் தாங்கியை 60க்குக் கீழே விடாதீர்கள், லெஜியனெல்லா கிருமி வளரும். பொயிலரின் மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், அதற்கு காஸ் வேலை செய்ய காஸ் சேஃப் பதிவுள்ளவர் வரவேண்டும்.