மௌன விகாரம் புரதத்தின் அளவை மாற்றுமா?

கேள்வி | உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதியான கோடோனின் மூன்றாம் எழுத்து மாறினாலும் அதே அமினோ அமிலம் வந்தால், அது மௌன விகாரம், பாதிப்பே இல்லை என்றுதான் ரியூசனில் படித்தோம். லியூசினுக்கே 6 கோடோன் இருக்கிறது. ஆனால் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் அக்கா ஒருவர், பக்டீரியாவில் அப்படி மாற்றினால் புரதத்தின் அளவு ஏறி இறங்கும் என்கிறார். புரதம் அதேதான் என்றால் அளவு எப்படி மாறும்?

பதில் | உயிரியல் ஆசிரியை, கல்லடி

மகள், அக்கா சொன்னது சரி. பாதிப்பு இல்லை என்பது அமினோ அமில வரிசைக்கு மட்டும்தான். எவ்வளவு புரதம் உண்டாகும் என்பதில், ஜீனின் செய்தியைச் சுமக்கும் இழையான எம்.ஆர்.என்.ஏ. மடியும் விதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. எழுத்து மாறினால் மடிப்பும் மாறும்.

2009இல் வந்த ஓர் ஆய்வை வகுப்பில் நான் சொல்லாமல் விடுவதில்லை. பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. என்ற ஒரே புரதத்துக்கு 154 ஜீன்களைச் செய்து ஈ.கோலை என்ற பக்டீரியாவுக்குள் போட்டார்கள். ஜீனை இயக்கிவைக்கும் பகுதியான புரோமோட்டரும் ஒன்றுதான். மௌன மாற்றங்கள் மட்டுமே வேறு. ஒளிர்வில் வந்த வித்தியாசம் 250 மடங்கு! ஒன்று பளிச்சென்று பச்சை, இன்னொன்று கிட்டத்தட்ட இருட்டு.

அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல், தொடக்கக் கோடோனை ஒட்டிய சுமார் 40 எழுத்துகளால் வந்தது. அங்கே ஜி, சி எழுத்துகள் சோடி சேர்ந்து இழை கொண்டை ஊசி போல மடிந்துவிட்டால், புரதத்தைக் கட்டும் இறைபோசோமுக்கு உட்கார இடமில்லை. ஏ, யு கூடிய கோடோன்கள் இருந்தால் இழை தளர்ந்து கிடக்கும், சுளுவாக ஏறிவிடும்.

மாணவன், ஒலுவில்

மிஸ், அப்போ அரிதான கோடோன்தான் காரணம் என்று படித்தோமே, அது பிழையா?

ஆசிரியை, கல்லடி

பிழையில்லை தம்பி. அர்ஜினினுக்கான ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. இரண்டையும் வாசித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டி.ஆர்.என்.ஏ. ஈ.கோலையில் குறைவு. மனித ஜீன் ஒன்றைப் போடும்போது இவை அடுத்தடுத்து வந்தால் இறைபோசோம் நின்று நின்று போகும், சிலவேளை பாதியிலேயே கழன்றுவிடும். ஆனால் அந்த 154 ஜீன்களில் கோடோன் தெரிவு ஒளிர்வைத் தீர்மானிக்கவில்லை. அரிதான கோடோன்கள் கூடியபோது பக்டீரியாவின் வளர்ச்சிதான் மந்தமானது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பதில் | மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மட்டக்களப்பு

மிஸ் சொன்னதோடு நோயாளிகளைத் தொடும் ஓர் உதாரணத்தையும் சேர்க்கிறேன். காசநோய்க் கிருமியின் மாப்-ஏ ஜீனில் 203ஆவது கோடோன் சி.டி.ஜி.யிலிருந்து சி.டி.ஏ. ஆகலாம். இரண்டுமே லியூசின்தான். ஆனால் அந்த ஓர் எழுத்து மாறியதும் அங்கே புதிய புரோமோட்டர் ஒன்று உருவாகிவிடுகிறது. அடுத்துள்ள இன்-எச்-ஏ ஜீன் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்து தாக்குவது அந்த ஜீன் தரும் புரதத்தைத்தான், அது கூடிவிடுவதால் மருந்து பிடிக்காது. அமினோ அமிலம் மாறவில்லையே என்று இந்த விகாரத்தை அறிக்கையில் சேர்க்காமல் விட்டால், எதிர்ப்புள்ள கிருமிக்கு அதே மாத்திரையைத்தான் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.