பாலிஷ் போட்ட பிறகும் முகப்பு விளக்கில் மஞ்சள் திரும்பி வருகிறது. நிலையான தீர்வு உண்டா?

கேள்வி (திசையன்விளை வாசகர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கார், கூரையில்லாத முற்றத்தில் எப்போதும் தெற்கு பார்த்தே நிற்கிறது. இடப்பக்க விளக்கு ஓரளவு தெளிவாக இருக்க, மேற்கு வெயிலை நேராக வாங்கும் வலப்பக்க விளக்கு மட்டும் மோரில் நனைத்ததுபோல் மங்கிக் கிடக்கிறது. போன கார்த்திகையில் சாலையோரக் கடை ஒன்றில் எமரித் தாளால் தேய்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குப் புதிதுபோல் மின்னியது. சித்திரை முடிவதற்குள் மஞ்சள் பழையபடி ஏறிவிட்டது. இரவில் வள்ளியூர் சாலையில் வரும்போது பள்ளம் கண்ணில் படுவதில்லை. எதிரில் வருபவர்களோ எனக்கு ஒளி அதிகம் என்று டிம் அடித்துக் காட்டுகிறார்கள். மறுபடியும் நானே தேய்க்கலாமா, அல்லது 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்பு மாட்டினால் போதுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பேட்டை, வண்டிப் பெயின்டர்):

அண்ணாச்சி, முதலில் பல்பை மறந்துவிடுங்கள். மங்கிய முகப்பு ஒளியை நேராக அனுப்பாமல் நாலாபுறமும் சிதறடிக்கிறது. அதனால்தான் உங்களுக்குச் சாலை தெரியாமல், எதிரில் வருபவருக்குக் கண் கூசுகிறது. 60/55 வாட்டுக்காகச் செய்த விளக்கில் 100/90 மாட்டினால் சிதறலும் கூடும், வெப்பத்தில் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரும் கெடும்.

அம்பாசிடர் காலத்து விளக்கின் முகப்பு கண்ணாடி, அது மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தாக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு காப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு நைந்து போவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். கடையில் அதைத் தேய்த்து எடுத்தது சரிதான். ஆனால் எடுத்த இடத்தில் புதுப் பூச்சு போடாமல் பாலிஷோடு நிறுத்தியிருக்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்?

தேய்ப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்தால் குறை வெளிப்பரப்பில் இருக்கிறது, தேய்த்தால் தீரும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் குறை உட்புறத்தில் இருக்கலாம், அல்லது பிளாஸ்டிக்குக்குள் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கலாம். இரண்டுக்கும் எமரித் தாளால் பயனில்லை.

பதில் (அம்பாசமுத்திரம்):

பற்பசையைத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடுமே. இதற்கு ஏன் இவ்வளவு வேலை?

பதில் (பேட்டை, வண்டிப் பெயின்டர்):

ஆகும் தம்பி, பற்பசையும் ஒரு மெல்லிய பாலிஷ்தான். கல்யாண வீட்டுக்குப் போய்வர அது போதும். பெட்ரோலிலோ தின்னரிலோ துடைப்பவர்களும் உண்டு. அதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், பாலிகார்பனேட்டில் வெடிப்பு விழுந்துவிடும்.

கேட்டவர்:

தண்ணீர் ஊற்றியதும் மங்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மேல் ஓரத்தில் மட்டும் வலைபோல் சில கோடுகள் தெரிகின்றன. உள்ளே நீர்த்துளி இல்லை. செய்முறையை விளக்கமாகச் சொன்னால் நானே செய்துகொள்வேன்.

பதில் (பேட்டை, வண்டிப் பெயின்டர்):

சுற்றியுள்ள பானெட், பம்பர், ஃபெண்டர் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். 600 எண் எமரித் தாளை (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) தண்ணீரில் ஊறவைத்து, விளக்கையும் நனைத்துக்கொண்டே, ஒரே திசையில் தேயுங்கள். பழைய பூச்சு மிச்சம் இருக்கும்வரை வடியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது பால் வெள்ளையாக மாறும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. வேலையில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படுகிறவர்கள் கெடுப்பதும் இங்கேதான். பிறகு 800, 1000, 1500 என்று ஏறுங்கள். ஒரு தாளுக்குக் கிடைமட்டம், அடுத்ததற்கு நெடுக்கு என்று திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் முழுவதும் போயிற்றா என்பது கண்ணுக்குத் தெரியும்.

புதுப் பூச்சு போடுவதானால் ரப்பிங் காம்பவுண்டை, அதாவது பாலிஷ் போடும் பசையை, தொடாதீர்கள். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பூச்சு பிடிக்காமல் குழி குழியாக விலகும். 1500 தேய்ப்போடு நிறுத்தி, நன்றாகக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான பனியன் துணியால் துடைத்துவிட்டு, புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட்டை (நிறமில்லாத பூச்சை) அடியுங்கள். முதல் கை தூவினாற்போல் மெல்லியதாக இருக்கட்டும். அது சற்றுக் காய்ந்து பிசுபிசுப்பான பிறகு இரண்டு கை முழுதாகக் கொடுக்கலாம். எமரிக் கீறலால் பனிபடர்ந்ததுபோல் தெரிந்த முகப்பு, பூச்சில் நனைந்தவுடன் தெளிந்துவிடும். ஹார்டனர் கலக்கும் இருபகுதிப் பூச்சு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருப்பதால், ஆவியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம். துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது.

உங்கள் பக்கம் தேரி மணல் பறக்கும் ஊர். ஆனி, ஆடிக் காற்றில் முற்றத்தில் நின்று அடித்தால் பூச்சின்மேல் செம்மண்தான் ஒட்டும். காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில், தகரக் கொட்டகை மறைவில் அடியுங்கள். மழை ஈரம் உள்ள நாளும், பானெட் சுடும் நேரமும் ஆகாது.

கேட்டவர்:

நீங்கள் சொன்னபடியே முடித்தேன், அண்ணாச்சி. மஞ்சள் நீர் நிற்கத்தான் நெடுநேரம் பிடித்தது. இப்போது இரு விளக்குகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மேல் ஓரக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இனி வண்டியை வடக்கு பார்த்து நிறுத்தினால் நல்லதா?

பதில் (பேட்டை, வண்டிப் பெயின்டர்):

அப்படி நிறுத்தினால் அடுத்து இடப்பக்க விளக்கு மஞ்சளாகும். பூச்சு நன்றாக இறுகியபின், பகலில் வண்டி நிற்கும்போது முன்பக்கம் ஒரு உறையைப் போட்டு வையுங்கள். கோடுகள் பிளாஸ்டிக்குக்குள் இருப்பவை, அவற்றைத் துரத்தித் தேய்க்க வேண்டாம். ஒளிக்குக் குறுக்கே அவை பரவினால் அப்போது புது விளக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு ஷாம்பு போட்டோ, பிரஷர் பம்பாலோ அந்த இடத்தைக் கழுவாதீர்கள்.