புதுப்பிப்பு: ஜாமீன் கையெழுத்துக்கு ‘முடியாது’ சொல்வது

கடனுக்கு ஜாமீன் கேட்டு வரும் உறவினரிடம் காரணம் சொல்லி மறுக்கலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்ளுங்கள். “இப்போ கையைக் கடிக்குது” என்றால் “பணமா கேட்டேன், கையெழுத்துதானே மாமா” என்று பதில் வரும். காரணம் சொன்ன இடத்தில் பேரம் தொடங்கிவிடும்.

“ஜாமீன் யாருக்கும் போடறதில்ல மாப்ளே.” அவ்வளவுதான். எப்படிச் சுற்றி வந்தாலும் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதே வாக்கியம், அதே குரல். நடுவில் விழும் மௌனம்தான் ஆளைக் கவிழ்க்கும். அதை நிரப்பப் போய் “யோசிச்சுச் சொல்றேன்” என்று வாய்விட்டால் மறுநாள் படிவத்தோடு நிற்பார்.

‘சும்மா சாட்சிக் கையெழுத்து’ என்பதை நம்பாதீர்கள். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவரின் முழுப் பொறுப்பும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.