விஆர் ஹெட்செட் மாட்டி ரிசர்ச்சுக்கு உக்காந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

லண்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கறப்ப ஒரு ஸ்டடிக்குப் போனேன், வவுச்சர் தராங்கன்னு தான் போனேன், பொய் சொல்லல. முதல்ல ஏக்யூன்னு, ஆட்டிசம் தன்மை எவ்ளோ இருக்குன்னு பாக்கற 50 கேள்வி, பார்ட்டிய விட லைப்ரரி பிடிக்குமா, வண்டி நம்பர் பிளேட்லாம் கண்ணுல படுமான்னு. 2001ல சைமன் பேரன்-கோஹன்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டோட டீம் கேம்பிரிட்ஜ்ல போட்டதாம். எனக்கு ஸ்கோர் 17, சராசரி ஆளு. அப்புறம் ஹெட்செட்ட மாட்டி விட்டாங்க, பாத்தா டியூப் ரயில் (லண்டன் சுரங்க ரயில்) பெட்டி, எதிர் சீட்ல நீல சட்டைக்காரன் ஒருத்தன், நான் பாக்கறப்பலாம் அவனும் பாக்கறான், ஒரு தடவ உதட்ட லேசா இழுத்தான் பாருங்க, நம்மள நக்கல் பண்றான்னே முடிவு கட்டிட்டேன். கழட்டினதும் "அவரப் பத்தி என்ன தோணுச்சு"ன்னு கேட்டாங்க, கொட்டித் தீத்துட்டேன். கடைசில தான் சொன்னாங்க, அந்த பொம்மைங்க எல்லாமே நல்லதும் கெட்டதும் இல்லாம நடந்துக்கற மாதிரி செஞ்சதாம். லண்டன் கிங்ஸ் காலேஜ்ல டேனியல் ஃப்ரீமன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2008லயே 200 பேர இதே மாதிரி ஒரு விஆர் டியூப் பெட்டில ஏத்திப் பாத்திருக்காரு, அதுலயும் சிலருக்கு என்ன மாதிரியே சந்தேகம் வந்திருக்கு. அசடு வழிஞ்சுது.

---

ப்ரோ நான் உங்களுக்கு நேர் எதிர். ஏக்யூல 36, டயக்னோசிஸும் உண்டு (ஸ்கோர் மட்டும் வச்சு யாரும் முடிவு பண்ணிக்காதீங்க, 32க்கு மேல வந்தாலே ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல). எனக்கு வேற ஸ்டடி, விஆர்ல ஒரு ரிசப்ஷன் ஹால். அதுல வந்த சிவப்பு புடவை அம்மா உங்களப் பத்தி என்ன நெனச்சாங்கன்னு ஸ்டடி நடத்தின பொண்ணு கேட்டுச்சு, நான் "அவங்க கால் தரைல படல, ஒரு இஞ்ச் மேல மிதக்குது, நெழலும் இல்ல"ன்னேன். அந்தப் பொண்ணு பேனாவ வச்சுட்டு சிரிச்சிருச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன், பொம்மை என்ன நெனக்குதுன்னு நான் கண்டுபிடிக்கலன்னா அது என் குறையா? அது தான் ஒண்ணுமே நெனக்கலயே. ஆட்டிசம் உள்ள ஆராய்ச்சியாளர் டேமியன் மில்டன் 2012ல சொன்னாரே, ஆட்டிசம் இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு புரியாம போறது ரெண்டு பக்கமும் தான்னு, எங்க பக்கத்த மட்டும் அளந்தா எப்படி. இருந்தாலும் வீட்டு ஃபங்ஷனுக்கு இது ஆயிரம் மடங்கு மேல், யாரும் கன்னத்தக் கிள்ளல.

---

அண்ணே, கண்ணாடி போட்டவங்க முன்னாடியே சொல்லிடுங்க. நான் சொல்லாம கண்ணாடி மேலயே மாட்டி, மூக்குல தழும்பு, பாதில தல சுத்தி வாந்தி வராத கொற. பொம்மை முகம் ஒண்ணு கூட ஞாபகம் இல்ல, இதையும் டேட்டால சேத்தாங்களான்னு தெரியல.